காணாமல் போன படைவீரர்களுக்கு ஊரில் நினைவு நாள் நடத்துவது எப்படி

போரில் இறந்தவருக்கு அஞ்சலி செலுத்த எல்லா ஊருக்கும் தெரியும். போருக்குப் போய், எதிரியிடம் பிடிபட்டு, அப்புறம் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற தகவலே வராமல் போனவருக்கு என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரிவதில்லை. நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். என் தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் பிடிபட்டவர். அவர் மனைவியை நாங்கள் சின்ன அப்பாயி என்போம். கடைசி வரை பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தார். ஊரில் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அதனால் முதல் விதி இதுதான்: அவர் இறந்துவிட்டார் என்று நாம் சொல்லக் கூடாது. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். அது பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் உதவும். மேடைக்கு அது பொருந்தாது. திதி கொடுக்கும் குடும்பமும் உண்டு, கொடுக்காத குடும்பமும் உண்டு. முதலில் வீட்டுக்குப் போய், வீட்டில் மூத்த பெண்மணியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

பெயர்களைச் சேர்ப்பதில்தான் வேலை அதிகம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்கள் மட்டுமே 40,000க்கு மேல். சிலர் பின்னால் நேதாஜி படையில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பல பேரை நியூ கினி தீவு வரை கப்பலில் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். இரண்டு தரப்பையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். கல்லறை இல்லாதவர்களின் பெயர்களை நினைவகச் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கு மேல், ரங்கூன் நினைவகத்தில் சுமார் 27,000. ஆனால் இன்றைய எழுத்தில் தேடினால் நம் ஆட்கள் கிடைப்பது கஷ்டம். தஞ்சாவூரை ‘டான்ஜோர்’ என்றும், நாகப்பட்டினத்தை ‘நெகபட்டாம்’ என்றும் வெள்ளைக்காரர்கள் எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கூடுதல் விவரம் (Additional Information) என்ற கட்டத்தில் போட்டுப் பாருங்கள். ராமசாமிக்கு எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட முடியுமோ அத்தனையையும் போட வேண்டும். இன்னார் மகன், இன்ன ஊர் என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் வீட்டு டிரங்குப் பெட்டி. நிஜமான ஆதாரம் அங்கேதான் இருக்கும். பழைய மணியார்டர் துண்டு, கடைசிக் கடிதம், மெடல். மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். நம்பரும் பெயரும் பொறித்திருக்கலாம். நம்பர் இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரியில் உள்ள வெலிங்டனில், ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் பெங்களூரில். பதில் வர நாளாகும். ஒரு சிப்பாய்க்கு ஒரு மனு என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒரே மனுவில் பத்துப் பெயர் வந்தால் அந்த மேசையில் இருப்பவருக்கு எந்தக் கோப்பைத் திறப்பது என்றே தெரியாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிந்தியவர்களை மறந்துவிடாதீர்கள். 1965, 1971 போர்களில் காணாமல் போன 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாகக் கருதப்படுகிறது என்று நம் அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பாகிஸ்தான் இல்லை என்கிறது. 2007இல் உறவினர்களே நேரில் போய் அங்குள்ள சிறைகளைப் பார்த்தார்கள். ஒருவரும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் செப்டம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமை இதற்கென்றே ஒரு நாள் உண்டு. சிறிய மேசையில் வெள்ளை விரிப்பு, ஒற்றை ரோஜா, எலுமிச்சைத் துண்டு, உப்பு, கவிழ்த்த கண்ணாடி டம்ளர், ஆளில்லாத நாற்காலி என்று வைப்பார்கள். அவர்களுக்கு அது அர்த்தமுள்ளது. நாம் அதையே செய்ய ஆரம்பித்தால், இலையும் சாப்பாடும் வந்து, கடைசியில் படையல் போட்ட மாதிரி ஆகிவிடும். நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். முதல் வரிசையில் ஒன்றைக் காலியாக விடுங்கள். எம்எல்ஏ வந்தாலும் அதில் உட்கார வைக்காதீர்கள்.

நாள் குறிப்பதில் பிப்ரவரி 15 நமக்குத் தோதானது. மாசி பிறந்திருக்கும், சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். டிசம்பர் 16, 1971 போரின் வெற்றி நாள்தான், ஆனால் மார்கழி தொடக்கத்தில் டெல்டாவில் மழையை நம்ப முடியாது.

இடம் கோயில் வாசலாக இருக்கக் கூடாது. கூத்தாநல்லூர் முஸ்லிம் குடும்பமும் வேளாங்கண்ணிக் கிறிஸ்தவக் குடும்பமும் கூச்சமில்லாமல் வந்து நிற்க வேண்டும். மேலத்தெரு, காலனி என்று பார்க்காமல் எல்லாரும் வர வேண்டும். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களில் காலனி ஆட்கள் நிறைய. பள்ளிக்கூட வாசல் நல்லது.

ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தால் கூடவே உட்கார்ந்திருங்கள். கடைப் பையன் பழக்கதோஷத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு, ஓரத்தில் குத்துவிளக்கு வைத்து, கீழே ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு தேதிக்குக் கட்டம் கட்டிவிடுவான். அவை எதுவும் வேண்டாம். ‘அமரர்’ வேண்டாம், ‘வீரமரணம்’ வேண்டாம். பெயர், ஊர், படைப்பிரிவு, கடைசியாகத் தகவல் வந்த வருடம், அவ்வளவுதான். படத்துக்கு மாலை போடாதீர்கள், பொட்டு வைக்காதீர்கள். என்சிசி பிள்ளைகள் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் ஊத ஆசைப்படுவார்கள். அது இறந்தவர்களுக்கானது என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தேசியக் கொடியை நாமாக அரைக்கம்பத்துக்கு இறக்கவும் கூடாது.

நிகழ்ச்சி என்று நான் சொல்வது ஆஜர் எடுப்பதுதான். பட்டாளத்தில் தினமும் சாயங்காலம் பெயர் கூப்பிடுவார்கள், இருப்பவர் குரல் கொடுப்பார். அதே போல ஒரு பிள்ளை பெயரையும் ஊரையும் வாசிக்கட்டும். அந்தக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லட்டும். குடும்பமே இல்லையென்றால் ஊரே சொல்லலாம். மேடைப் பேச்சு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் டீ, வடை.

கல் வைப்பதானால் கிராமசபையில் தீர்மானம் போட்டு வையுங்கள், புறம்போக்கு இடத்தில் பின்னால் தகராறு வராது. முதல் உலகப் போர் முடிந்தபின் தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு கல்வெட்டு பதித்தார்கள். ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நம் கல்லில் பெயர் இருக்கட்டும், சாதிப்பட்டம் இல்லாமல், அகர வரிசையில்.

டெல்டாவில் பாறை கிடையாது, கல் லாரியில்தான் வர வேண்டும். நம் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அடியில் நன்றாக மணல் நிரப்பி அஸ்திவாரம் போடச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் எழுத்தை ஆழமாக வெட்ட வேண்டும், உப்புக் காற்றில் பெயின்ட் நிற்காது. மேலே தகரக் கொட்டகை வேண்டாம். 2018இல் கஜா புயல் வந்தபோது எத்தனை தகரம் பறந்தது என்று வேதாரண்யத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். கல்தச்சர் ஏன் என்று கேட்பார். 1968இல் 102 பேரோடு இமயமலையில் விழுந்த விமானப்படை விமானத்திலிருந்து 2024இல்கூட நான்கு உடல்கள் கிடைத்தன. 2016இல் தாம்பரத்திலிருந்து அந்தமானுக்குக் கிளம்பி 29 பேரோடு காணாமல் போன விமானத்தின் சிதைவுகளை 2024இல்தான் வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். தகவல் வந்தால் எழுதத்தான் அந்த இடம். உளியையும் அதே தச்சர் கையில் கொடுங்கள், எழுத்து ஒரே மாதிரி இருக்கும். அவர் போன் நம்பரைப் பஞ்சாயத்துக் கோப்பில் எழுதி வையுங்கள்.