போட்டோஷாப், கிம்ப் திறக்க நேரமாகிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபிளக்ஸ் கடை, ஸ்டுடியோ, டிடிபி சென்டர் என்று எதில் வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரு பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். காலையில் சிஸ்டத்தைப் போட்டு போட்டோஷாப்பை டபுள் கிளிக் செய்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவது. மற்ற நாளில் பரவாயில்லை. மயானக் கொள்ளை நேரத்தில் காவேரிப்பட்டணத்துக்காரர்கள் பேனருக்கு வந்து நிற்கும்போது ஆகுமா? சர்வீஸ்காரரைக் கேட்டால் "ஃபார்மட் அடிச்சிடலாம்ணா" என்பார், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அடித்த அன்று வேகமாகத்தான் திறக்கும், ஏனென்றால் சேர்த்து வைத்த ஃபாண்டெல்லாம் அதோடு போயிருக்கும். பென்டிரைவிலிருந்து அத்தனையையும் திரும்பக் கொட்டியதும் பழைய கதைதான்.

அதனால் முதலில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மென்பொருள் திறக்கும்போது வரும் படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி மாறிக்கொண்டே இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் நிற்கிறதா, பிளக்இன் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) என்ற இடத்திலா, போட்டோஷாப் மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்றால் பிரஷ், பேட்டர்ன் ஏறும் இடத்திலா? பழைய போட்டோஷாப்பில் ட்வைன் என்று ஒரு வரி வரும், அது ஸ்கேனர் டிரைவர் சமாசாரம். அங்கே நின்றால், மூலையில் செத்துக் கிடக்கும் ஸ்கேனரின் டிரைவரை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. திறந்ததும் மூடிவிட்டு உடனே மறுபடி திறங்கள். இரண்டாவது முறை சட்டென்று வந்தால், ஃபைலைப் படிப்பதுதான் தாமதம், ஏனென்றால் முதல் முறை படித்தது ரேமிலேயே இருக்கும். இரண்டாவது முறையும் அதே அளவு இழுத்தால், வேறு எதற்கோ காத்திருக்கிறது, பெரும்பாலும் பிரிண்டர் அல்லது பிளக்இன்.

நம்ம ஊர்க் கடைகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபாண்டைத்தான். ஒரு கடையில் ஏன் இவ்வளவு தமிழ் ஃபாண்ட் சேருகிறது என்றால், பாமினி ஒரு எழுத்துமுறை (எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற ஏற்பாடு), டாப், டாம் வேறு, அது போக ஒவ்வொரு கம்பெனி ஃபாண்டும் தனித்தனி. டாம், டாப் இரண்டையும் தமிழக அரசு 1999இல் தரமாக அறிவித்தது, 2010இல் யூனிகோடு வந்தது, ஆனாலும் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கொண்டுவரும் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல் பாமினியில்தான் இருக்கும். பாமினியில் அடித்ததை அரியலில் திறந்தால் மணமகன் பெயர் ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஆகவே யாரும் எதையும் தூக்கிப் போடுவதில்லை, வருகிற பென்டிரைவில் இருப்பதையெல்லாம் இன்ஸ்டால் செய்துகொண்டே போகிறார்கள், ஒரே ஃபாண்ட் நாலு பெயரில் கிடக்கிறது.

ஃபாண்ட்தான் காரணமா என்பதைக் கிம்ப் வைத்திருப்பவர்கள் சுலபமாக உறுதி செய்யலாம். டெஸ்க்டாப்பில் கிம்ப் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டார்கெட் பெட்டியில் மேற்கோள் குறி முடிந்தபிறகு ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டிச் சின்ன எழுத்தில் எஃப்பும் (-f) சேருங்கள். இப்போது ஃபாண்டைத் தொடாமல் திறக்கும். விறுவிறு என்று வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அப்புறம் அந்தக் கோட்டையும் எஃப்பையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டெக்ஸ்ட் டூலில் ஃபாண்டே இருக்காது. புதிதாக இன்ஸ்டால் செய்த கிம்ப், முதல் தடவை ஃபாண்ட் பட்டியல் தயாரிக்க நேரம் எடுக்கும், அதைக் கோளாறு என்று நினைத்து நடுவில் மூடாதீர்கள்.

சரி, குறைப்பது எப்படி? போட்டோஷாப், கோரல் எல்லாவற்றையும் மூடுங்கள், திறந்திருந்தால் விண்டோஸ் ஃபாண்டை அழிக்க விடாது. டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, கண்ட்ரோல் பேனலில் ஃபாண்ட்ஸைத் திறந்து, நீங்கள் சேர்த்த தமிழ் ஃபாண்டுகளை அங்கே காப்பி செய்யுங்கள். காப்பி ஆனதைத் திறந்து பார்த்த பிறகே ஃபாண்ட்ஸில் டெலிட். சீகோ, அரியல், டஹோமா, லதா, நிர்மலா மாதிரி விண்டோஸோடு வந்ததில் கை வைக்கவே கூடாது. தினமும் ஓடுகிற ஃபாண்டுகள் மட்டும் இருக்கட்டும். மற்றது தேவைப்படும் அன்று ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். பழைய ஃபைலைத் திறக்கும்போது ஃபாண்ட் இல்லை என்று போட்டோஷாப் பெயரோடு கேட்கும், பயப்பட வேண்டாம், அந்தப் பெயரை டி டிரைவில் தேடுங்கள். இனிமேல் முடிக்கிற ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் அதில் பயன்படுத்திய ஃபாண்டையும் போட்டு வையுங்கள், ஓனர் திட்ட மாட்டார்.

அடுத்தது பிரிண்டர். இதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். போட்டோஷாப் திறக்கும்போது டீஃபால்ட் பிரிண்டரை, அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் அச்சுக்குத் தானாகத் தேர்வாகும் பிரிண்டரை, விசாரிக்கும். அந்தப் பிரிண்டர் பக்கத்து அறையில், நெட்வொர்க்கில், கரண்ட் இல்லாமல் கிடந்தால் பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய், டீஃபால்ட்டை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்பை டீஃபால்ட் ஆக்குங்கள். அச்சடிக்கும்போது உங்கள் பிரிண்டரைக் கையால் தேர்ந்தெடுத்தால் ஆச்சு.

பிளக்இன் சந்தேகம் இருந்தால், போட்டோஷாப்பைத் திறந்தவுடன் ஷிப்டை அழுத்திப் பிடியுங்கள். வெளியிலிருந்து சேர்த்த பிளக்இன்களை விட்டுவிடவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லிப் பாருங்கள். வேகம் வந்தால், ஆல்பம் டிசைனுக்கு என்று யாரோ கொடுத்த பிளக்இன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இவை எதுவுமில்லை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துவிட்டு மென்பொருளைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய ஹார்டு டிஸ்க்காக இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி அதன் முள் அங்குமிங்கும் ஓடுவதுதான் நேரம் தின்கிறது, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே இல்லை. ரேம் சேர்ப்பதா எஸ்எஸ்டி போடுவதா என்று ஓனர் கேட்டால், திறக்கும் வேகத்துக்கு முதலில் எஸ்எஸ்டி என்றே சொல்லுங்கள். பெரிய பேனர் ஃபைலில் வேலை செய்யும்போது தடுமாறினால், அது ரேம் கதை.

கடைசி வழி, செட்டிங்ஸைப் புதிதாக்குவது. போட்டோஷாப் திறக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்தால் செட்டிங்ஸ் ஃபைலை அழிக்கவா என்று கேட்கும். கிம்ப் என்றால் ஆப்டேட்டா, ரோமிங், கிம்ப் என்று உள்ளே போய், பதிப்பு எண்ணோடு இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், அதுவே புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளும். பழையதை அழித்துவிடாதீர்கள், நீங்கள் சேர்த்த பிரஷ்கள் அதற்குள்தான் இருக்கும்.