'டிஸ்கிரிமினேஷன்' என்ற சொல்லைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

ஒருவருடைய தகுதியையும் செயலையும் பாராமல், அவருடைய இனம், பாலினம், மதம், வயது போன்ற ஒன்றைக் காரணமாக்கி அவரை மற்றவர்களைவிடத் தாழ்வாக நடத்துவதையே ஆங்கிலத்தில் 'டிஸ்கிரிமினேஷன்' என்கிறார்கள். இதற்குத் தமிழில் பாரபட்சம் என்றும் பாகுபாடு என்றும் எழுதுவது வழக்கம். எனினும் நடுவர் தமக்குப் பிடித்த அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பதையும் நாம் பாரபட்சம் என்றே சொல்வதால், பாகுபாடு என்பதே நெருக்கமான இணைச்சொல் என்பது என் கருத்து.

அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிரித்தல் என்னும் பொருள் கொண்ட இலத்தீன் வேரிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், முதலில் ஒன்றை மற்றொன்றிலிருந்து நுட்பமாகப் பிரித்தறிவதை மட்டுமே குறித்தது; அநீதியாக நடத்துதல் என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இனவேற்றுமையைப் பற்றிய பேச்சில் வேரூன்றியது. நம் சொல்லுக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. இலக்கணத்தில் திணைப் பாகுபாடு என்றால் அது வெறும் வகைப்படுத்தல். சாதிப் பாகுபாடு என்றால் அது கொடுமை. தமிழில் முன்னால் நிற்கும் சொல் காட்டும் இவ்வேறுபாட்டை, ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னால் வரும் முன்னிடைச்சொல் காட்டுகிறது.

'டிஸ்கிரிமினேட் பிட்வீன்' என்றால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிதல். குழந்தை இரண்டு நிறங்களைப் பிரித்தறிவதை இவ்வாறு எழுதலாம், அதில் குற்றம் ஏதுமில்லை. 'டிஸ்கிரிமினேட் அகெய்ன்ஸ்ட்' என்றால் ஒருவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுதல். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். 'என்னை ஒதுக்கினார்கள்' என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நாம், அதே போக்கில் 'தே டிஸ்கிரிமினேட்டட் மீ' என்று எழுதிவிடுகிறோம். 'தே டிஸ்கிரிமினேட்டட் அகெய்ன்ஸ்ட் மீ' என்பதே சரி. செயப்பாட்டு வினையாக மாற்றினாலும் 'அகெய்ன்ஸ்ட்' உதிர்வதில்லை: 'ஐ வாஸ் டிஸ்கிரிமினேட்டட் அகெய்ன்ஸ்ட்'. வாக்கியம் பாதியில் நின்றதுபோலத் தோன்றினாலும் அது முழுமையான வாக்கியமே.

பெயர்ச்சொல் வடிவம் பொதுவாக எண்ணிக்கைக்கு உட்படாதது. ஆகவே அதன் முன் 'எ' சேர்ப்பதையும், பன்மையாக்க இறுதியில் 'எஸ்' சேர்ப்பதையும் தவிர்த்து, ஒரு நிகழ்வைக் குறிக்க 'ஆன் ஆக்ட் ஆஃப் டிஸ்கிரிமினேஷன்' என்று எழுத வேண்டும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979இல் ஏற்ற உடன்படிக்கையின் ஆங்கிலத் தலைப்பு, 'ஆல் ஃபார்ம்ஸ் ஆஃப் டிஸ்கிரிமினேஷன் அகெய்ன்ஸ்ட் விமன்' என்று செல்கிறது. பாகுபாடுகள் பலவாயினும் பன்மையை 'ஃபார்ம்ஸ்' என்ற சொல் தாங்கிக்கொள்ள, 'டிஸ்கிரிமினேஷன்' ஒருமையாகவே நிற்பதையும் 'அகெய்ன்ஸ்ட்' தன் இடத்தில் இருப்பதையும் கவனியுங்கள்.

பெயரடைகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'டிஸ்கிரிமினேட்டரி' என்பது பாகுபாடு காட்டும் விதியையோ நடைமுறையையோ குறிக்கும் கண்டனச் சொல். 'டிஸ்கிரிமினேட்டிங்' என்பதோ தரமறிந்து தேர்ந்தெடுக்கும் வாசகரையோ ரசிகரையோ பாராட்டும் சொல். அநீதியான விதியை இரண்டாவது சொல்லால் கண்டிக்கப் புகுந்தால் கண்டனமே குழம்பிப்போகும். 'இன்டிஸ்கிரிமினேட்' என்பதும் பாகுபாடற்ற, நேர்மையான என்று பொருள்படாது. முன்பின் பாராமல் கண்மூடித்தனமாகச் செய்வதையே அது குறிக்கும்.

ஒரு முறையீட்டில் இச்சொல்லை எழுதுவோர், எல்லா அநீதியும் 'டிஸ்கிரிமினேஷன்' ஆகாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எல்லோரிடமும் ஒரேபோல் கடுமையாக நடக்கும் மேலாளரின் செயல் 'மிஸ்ட்ரீட்மென்ட்'. மனத்துக்குள் இருக்கும் வெறுப்பு 'பிரெஜுடிஸ்'. அந்த வெறுப்பு செயலாகி ஒருவரின் வாய்ப்பைப் பறிக்கும்போதுதான் நம் சொல் பொருந்துகிறது. வெறுப்பே இல்லாமலும் அது நிகழலாம். வேலைக்குத் தேவையற்ற உயர வரம்பு ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் பெண்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்துமானால், அதை 'இன்டைரக்ட் டிஸ்கிரிமினேஷன்' என்பார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு 111ஆம் உடன்படிக்கை, வேறுபடுத்தல், விலக்கி வைத்தல், முன்னுரிமை அளித்தல் ஆகிய மூன்றையும் இச்சொல்லின் வரையறைக்குள் சேர்த்து, அவை எதன் அடிப்படையில் செய்யப்பட்டன என்பதையும் உடன் கேட்கிறது. ஆகவே நீங்களும் 'ஆன் தி பேசிஸ் ஆஃப்' என்று தொடங்கிக் காரணத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்த வாக்கியத்திலேயே, அதே நிலையில் இருந்த மற்றொருவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதையும் குறிப்பிடுங்கள்.