முங்கும்போது காது அடைக்குதா? படித்துறையிலயே பழகுங்க

எங்க குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் நீச்சல் கத்துக்கறது குளத்துலயும் ஆத்துலயும்தான். அடியில போய் சேறு அள்ளிட்டு வரணும்னு பந்தயம் வேற. காது வலிச்சா "அது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ"ம்பாங்க. பொறுத்துக்கவே கூடாதுங்க, அந்த வலி காது சவ்வு உள்பக்கமா இழுபடுற வலி.

சவ்வுக்குப் பின்னாடி காத்து இருக்கற ஒரு சின்ன அறை, அங்கேருந்து மூக்குக்குப் பின்பக்கம் வரைக்கும் ஒரு சன்னமான குழாய். அது எப்பவும் மூடித்தான் கெடக்கும், எச்சில் முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறத விட ரெண்டு மடங்கு, ஆனா ரெண்டாள் ஆழம், அதாவது ஒரு 3 மீட்டர் போனாலே 30 சதவீதம் கூடிரும், அதனாலதான் சாதாரண குளத்துலயே வலி வருது.

ஸ்டெப் 1: கரையில உக்காந்து மூக்க விரலால பொத்திக்கிட்டு எச்சில் முழுங்குங்க. ரெண்டு காதுலயும் 'டிக்'னு ஒரு சின்ன சத்தம் கேக்கணும். கேக்கலன்னா மூக்கப் பொத்தி, வாய மூடி, மெதுவா மூக்கு வழியா ஊதுற மாதிரி காத்த தள்ளுங்க. 1704ல காதப் பத்தி புத்தகம் எழுதுன இத்தாலிக்காரர் வல்சால்வா பேர்லதான் இத சொல்றாங்க. மூச்சப் புடிச்சு முக்கி ஊதாதீங்க, உள்காதே கெட்டுப்போகும். ஒரு காது திறக்கலன்னாலும் அன்னைக்கு முங்க வேண்டாம்.

ஸ்டெப் 2: இதுதான் முக்கியம், படித்துறையில பண்ணுங்க. கூட ஒரு ஆள் கண்டிப்பா நிக்கணும், படியில பாசி வழுக்கும். தலகீழா பாயாம கால் கீழ இருக்கற மாதிரி, கைப்பிடியோ கயிறோ புடிச்சு ஒவ்வொரு படியா எறங்குங்க. தலை தண்ணிக்குள்ள போன உடனே ஒரு தடவ காத்த தள்ளணும், அடுத்த படிக்கு ஒரு தடவ, அதுக்கடுத்த படிக்கு இன்னொரு தடவ, வலி வந்தப்புறம் தள்ளலாம்னு இருந்தா குழாய் வாய் அமுங்கி ஒட்டிக்கும், அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. லேசா இறுக்கமா தோணினாலே ஒரு படி மேல ஏறி மறுபடி பண்ணிப் பாருங்க.

ஸ்டெப் 3: காதுல பஞ்சு, இயர் ப்ளக் வேண்டாம், அதுக்குள்ள சிக்கற காத்தும் சவ்வ இழுக்கும். ஆழத்துக்குப் போக நீச்சல் கண்ணாடியும் வேண்டாம், மூக்கையும் சேத்து மூடற மாஸ்க் போடுங்க.

சளி இருந்தா? முங்கவே முங்காதீங்க. காலேஜ் படிக்கும்போது சளியோட முங்கி, புருவத்துக்கு மேல ஊசி குத்தற மாதிரி வலிச்சு, மேல வந்து மூக்க சிந்துனா கைக்குட்டையில ரத்தம். புருவத்துக்குப் பின்னாடி எலும்புக்குள்ள காத்து இருக்கற அறைதான் சைனஸ், அதோட ஓட்டை அடைஞ்சிருந்தா உள்ள காத்து போக வழியில்ல, அதான். கடியபட்டணத்துல சிப்பி எடுக்க முங்குற ஒரு அண்ணன் அப்ப சொன்னாரு, "மூக்கு அடைச்சிருந்தா நாங்க கடல்லயே எறங்க மாட்டோம் மக்களே"ன்னு. மூக்கடைப்புக்கு மூக்குல ஸ்பிரே அடிச்சிட்டு முங்கறதும் ஆபத்து, அடியில இருக்கும்போது மருந்து வேகம் கொறஞ்சா மேல வரும்போது காத்து வெளிய வராம சிக்கிக்கும்.

உப்புத்தண்ணியில மூக்கு கழுவறவங்க கொதிக்கவச்சு ஆறுன தண்ணிதான் எடுக்கணும். பக்கத்துல கேரளாவுல 2024ல அமீபா மூளைக்காய்ச்சல் வந்து உயிர் போச்சே, அந்த அமீபா உள்ள போறது மூக்கு வழியாத்தான். அதனால பச்சப்பசேல்னு கெடக்கற வெதுவெதுப்பான குளத்துல முங்காதீங்க.

முங்கி எந்திரிச்சப்புறம் காது கேக்கறது கொறஞ்சாலோ, ரத்தமோ நீரோ வந்தாலோ, தலை கிறுகிறுன்னு சுத்தினாலோ எண்ணெய், மருந்து எதையும் காதுல ஊத்தாம அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர பாருங்க, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் தலைய நனைக்காதீங்க.