நகர சபைக்கு நன்கொடையா? பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்

ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை, எந்த ஊர்ச் சபையின் நூலகத்துக்கோ பூங்காவுக்கோ ஏதாவது கொடுப்பதாக இருந்தால், நடுவில் ஒரு சங்கத்தை வைக்காமல் நேரே சபைக்கே கொடுத்துப் பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, உள்ளூராட்சி சபைக்குக் கொடுக்கும் நன்கொடையை வருமான வரி கணக்கிடும்போது கழித்துக்கொள்ளலாம். பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, பொருளும் சரி. அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்தால் தனிநபருக்கு 75,000 ரூபாய் என்ற உச்ச வரம்பு குறுக்கே நிற்கும். சபைக்கு அது இல்லை.

பொருளாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டில் வெறுமனே ‘தளபாடம்’ என்று எழுத விடாதீர்கள். ‘சீமெந்து வாங்கு 2’ என்று எண்ணிக்கையோடு இருக்கட்டும், கடை பில்லையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். (மர வாங்கு வேண்டாம். நம் மழைக்குச் சீக்கிரமே பாசி பிடித்துவிடும்.)

வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களுக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. தோட்டத்துக் கோயிலுக்கோ வாசிகசாலைக்கோ கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேராது; அவை சபை அல்லவே.