நீங்களே நின்னு வீடு கட்டப் போறீங்களா? முதல் தடவைக்காரங்களுக்கு

3 சென்ட்ல 900 சதுர அடி, லேபர் கான்ட்ராக்ட்ல கட்டி முடிச்சேன். அதாவது பொருள் எல்லாம் நம்மளது, மேஸ்திரிக்குக் கூலி மட்டும். டைல்ஸ், பெயின்ட்லாம் பிடிக்கலன்னா அப்புறம் மாத்திக்கலாம், காங்கிரீட்டுக்குள்ள போனது போனதுதான். அதனால அங்க மட்டும் லீவு போட்டாவது நில்லுங்க.

முதல்ல பேப்பர். பட்டா உங்க பேர்ல இருக்கா, வில்லங்கம் சுத்தமா இருக்கா பாத்துட்டு பிளான் அப்ரூவல் வாங்குங்க. 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் பிளஸ் ஒரு மாடின்னா தமிழ்நாட்டுல 2024 ஜூலைல இருந்து சுயசான்று முறைல, அதாவது பிளான் விதிப்படி இருக்குன்னு நாமளே உறுதி குடுத்து, ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம்.

ரெண்டாவது மேஸ்திரி. பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற காங்கிரீட்), ரூஃப், பூச்சுன்னு பிரிச்சு எந்த வேலை முடிஞ்சா எவ்ளோன்னு எழுதிக்கங்க, சென்ட்ரிங் பலகை (காங்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்குறது) யாரோடது, கம்பி கட்டுற கூலி இதுல சேருமான்னும் எழுதணும், சண்டை எல்லாம் அங்கதான் வருது.

மூணாவது அஸ்திவாரம். கரிசல் மண்ணா இருந்தா பக்கத்து வீட்டுக்காரர் ஆழத்த காப்பி அடிக்காதீங்க, அது மழைல உப்பும் வெயில்ல வெடிக்கும், ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டிடுங்க.

கம்பி வந்தா எடை போடுங்க. 12 எம்எம் கம்பி 40 அடி நீளம் சுமாரா பத்தே முக்கால் கிலோ வரணும், ரொம்பக் கொறஞ்சா திருப்பி அனுப்புங்க.

இப்ப ரூஃப் போடுற நாள். கம்பிக்கு அடியில கவர் பிளாக் (கம்பி பலகைல ஒட்டாம தூக்கி வைக்குற சின்னக் கட்டை) இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, ரூஃபுக்கு 20 எம்எம், தூணுக்கு 40. எங்க சைட்ல ஜல்லித் துண்ட சொருகி வச்சிருந்தாங்க, நடந்தா நழுவிடுது, கம்பி பலகையோட ஒட்டிக்கும், அப்புறம் துரு பிடிச்சு காரை பேர்ந்து விழும். அடுத்தது தண்ணி. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 லிட்டர், மணல் ஈரமா இருந்தா இன்னும் கம்மி. மேஸ்திரி "சார், தண்ணி விட்டாதான் ஓடும்"னு சொல்லுவார், ஓடும்தான், ஆனா பலம் போயிடும். நான் மிக்சர் பக்கத்துலயே ஒரு பக்கெட்ல பெயின்ட்ல கோடு போட்டு வச்சு "அண்ணே, இதுக்கு மேல வேணாம்"னு நின்னுட்டேன், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டார், மத்தியானம் பிரியாணி வந்ததும் சரியாயிட்டார்.

மறுநாள் ரூஃப் மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துங்க. PPC சிமென்ட்னா (சாம்பல் கலந்து வர்றது) கொறஞ்சது 10 நாள். தூணுக்குக் கோணிச்சாக்கு சுத்தி நனைச்சுக்கிட்டே இருக்கணும். பலகையத் தாங்குற முட்டு பிரிக்க அவசரப்படாதீங்க, சின்ன ரூமுக்கே 7 நாள், பதினஞ்சு அடிக்கு மேல அகலம்னா 14 நாள், பெரிய பீம்னா 21. பலகை அடுத்த சைட்டுக்கு வேணும்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். காங்கிரீட் கொட்டுறதுக்கு முன்னாடி கரண்ட் பைப், ஃபேன் பாக்ஸ் எல்லாத்தையும் அளவு டேப் வச்சு போட்டோ எடுத்து, பிளானோட ஒண்ணொண்ணா டிக் அடிங்க. நான் தண்ணியப் பாத்துக்கிட்டு இதக் கோட்ட விட்டுட்டேன். பலகை பிரிச்ச அன்னைக்கு அண்ணாந்து பாத்தா பெட்ரூம்ல ஃபேன் பாக்ஸையே காணோம். இப்ப அங்க சுவத்து ஃபேன்தான் ஓடிக்கிட்டு இருக்கு.