ஆறு மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு ஏஐ தேவையா? எங்கிருந்து தொடங்குவது?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் போனால் நாலு, ஆறு, பத்து சி.என்.சி. மெஷினை (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்) வைத்துக்கொண்டு பம்ப், வால்வு, ஆட்டோமொபைல் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் (அவர்கள் அனுப்பும் மெட்டீரியலில் கூலிக்குப் பாகம் செய்து தருவது) செய்யும் பட்டறைகள் ஏராளம். இந்தப் பதிவு அந்த முதலாளிகளுக்கும் அவர்களுடைய சூப்பர்வைசர்களுக்கும். கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பட்டறையில் ஏஐ முதலில் பலன் தருவது மெஷின் பக்கத்தில் இல்லை, ஆபீஸ் மேஜையில்தான். மெஷின் பக்கத்தில் முதலில் வேண்டியது நோட்டும் பேனாவும். இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லித்தான் விற்பனையாளர்கள் வருவார்கள்.

படி 1: ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள்

ஒரு ஏ4 தாளில் நாலு வரி எழுதுங்கள். எந்த இடத்தில் காசு போகிறது, இன்றைக்கு அந்த அளவு எவ்வளவு, ஆறு மாதத்தில் எவ்வளவாக வேண்டும், யார் பொறுப்பு. மெஷின் நிற்கிறது, ரிஜெக்‌ஷன் அதிகம், கொட்டேஷன் கொடுக்க நாலு நாள் ஆகிறது, பில் பணம் வரவில்லை, இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும். பொறுப்பை முதலாளி தன் பெயரில் எழுதிக்கொள்ளக் கூடாது. டெஸ்பாட்ச் நெருக்கடி வரும் முதல் வாரத்திலேயே அது நின்றுவிடும். இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் டிப்ளமோ முடித்த பையனோ பெண்ணோ இதற்குச் சரியான ஆள்.

இரண்டாவது வரியை நிரப்ப முடியாமல் நிறையப் பேர் நிற்பார்கள். அதற்குத்தான் அடுத்த படி.

படி 2: மெஷின் ஏன் நிற்கிறது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டு. மெஷின் நின்றால் நின்ற நேரம், மறுபடி ஓடத் தொடங்கிய நேரம், காரணம். டூல் மாற்றம், செட்டிங், மெட்டீரியல் இல்லை, ஆள் இல்லை, கரண்ட், பழுது, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருப்பு என்று காரணங்களை முன்கூட்டியே எண் போட்டு ஒட்டிவிடுங்கள், ஆபரேட்டர் எண்ணை மட்டும் எழுதினால் போதும். "மற்றவை" என்று ஒரு எண் வைக்காதீர்கள். வைத்தால் பாதி நிறுத்தங்கள் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பீகார், ஒடிசா தம்பிகள் ஷிஃப்ட்டில் இருந்தால் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள், அல்லது நிறம் கொடுத்துவிடுங்கள்.

இந்த நோட்டைக் காட்டி யாரையாவது ஒரு தடவை திட்டினீர்கள் என்றால் கதை முடிந்தது. மறுநாளிலிருந்து எல்லா நிறுத்தத்துக்கும் கரண்ட்தான் காரணமாக இருக்கும், மின்வாரியத்தின் பெயர் கெடும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

இப்போது கணக்கு. ஓ.இ.இ. (மெஷின் நேரத்தில் எவ்வளவு நல்ல ஜாப்பாக மாறியது என்ற சதவீதம்) என்று பெரிய கம்பெனி ஆடிட்டர்கள் கேட்பார்களே, அதுதான், பயப்பட ஒன்றுமில்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட்டில் சாப்பாடு, டீ போக 450 நிமிடம். அதில் 90 நிமிடம் மெஷின் நின்றது என்றால் ஓடியது 360, அதாவது 80 சதவீதம். ஒரு ஜாப்புக்கு (செய்யும் பாகத்துக்கு) 3 நிமிடம்தான் ஆக வேண்டும், 100 ஜாப் வந்திருக்கிறது, 300 நிமிட வேலை 360 நிமிடத்தில் நடந்திருக்கிறது, அது 83 சதவீதம். அந்த 100-இல் 95 நல்லது. மூன்றையும் பெருக்கினால் 63 சதவீதம் சொச்சம். இந்த 63-ஐப் பக்கத்துப் பட்டறையோடு ஒப்பிடாதீர்கள், ஜாப் வேறு, லாட் அளவு வேறு. உங்கள் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நோட்டு பழகிய பிறகு கூகுள் ஃபார்முக்கு மாற்றலாம். மெஷின் மேல் ஒரு க்யூஆர் ஒட்டி, போனில் தட்டினால் ஷீட்டில் விழும்படி செய்யலாம். கை முழுக்க கூலன்ட்டோடு போனைத் தொட ஆபரேட்டர் தயங்கினால் நோட்டே இருக்கட்டும், சாயங்காலம் ஒருவர் ஷீட்டில் ஏற்றட்டும்.

படி 3: சென்சார், தேவைப்பட்டால் மட்டும்

மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தானாக எடுக்க மூன்று வழி உண்டு. மெஷின் மேல் இருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு டவர் லேம்ப்பின் சிக்னலை எடுப்பது. மெயின் கேபிளின் ஒரு ஃபேஸ் வயரை மட்டும் சுற்றிக் கவ்வும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) போட்டு கரண்டை அளப்பது (இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், பேனலுக்குள் நீங்கள் கை வைக்காதீர்கள்). கன்ட்ரோலரில் ஈதர்நெட் போர்ட் இருந்தால் நேரடியாகப் படிப்பது. ஃபனுக் கம்பெனி கன்ட்ரோலரில் இதற்கு ஃபோகஸ் என்ற வசதி இருக்கிறது, பழைய மெஷின்களில் போர்ட்டே இல்லாமல் இருக்கலாம். மூன்றில் எதைப் போட்டாலும் மெஷின் நின்றது தெரியும், கன்ட்ரோலரைப் படித்தால் அலாரம் எண்ணும் வரலாம், ஆனால் ஏன் நின்றது என்று பெரும்பாலும் ஆபரேட்டர்தான் சொல்ல வேண்டும். அதனால் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரே ஒரு சென்சார்தான் வாங்குவேன் என்றால் கம்ப்ரஸருக்கு ஒரு எனர்ஜி மீட்டர் போடுங்கள், மோட்பஸ் (மீட்டரின் அளவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் முறை) வழியாகப் படிக்கக்கூடியதாக. சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினும் நிற்கும்போது கம்ப்ரஸர் மறுபடி மறுபடி லோடு எடுத்தால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். ஹோஸும் கப்ளரும் மாற்றினாலே சரியாகும் விஷயம்.

படி 4: டேலியில் பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

சலிப்பான வேலை, ஆனால் இது இல்லாமல் எந்த மென்பொருளும் ஓடாது. ஒரே ஷாஃப்ட் டேலியில் மூன்று பெயரில் இருக்கும், டெலிவரி சலானில் நாலாவது பெயர், ஸ்டோர்ஸ்காரர் வாயில் ஐந்தாவது. கஸ்டமரின் டிராயிங் எண்ணையும் ரிவிஷனையும் வைத்து ஒரே பெயர் கொடுத்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். அப்படியே கஸ்டமர் அனுப்பிய ராடு, காஸ்டிங் எவ்வளவு உங்களிடம் நிற்கிறது என்று தேதியோடு ஒரு ஷீட் போடுங்கள். ஜாப் ஒர்க்குக்கு வந்த மெட்டீரியல் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் ஜி.எஸ்.டி.யில் அது கஸ்டமர் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்காகும், கஸ்டமரின் அக்கவுன்ட்ஸ் ஆள் போன் மேல் போன் போடுவது இதற்குத்தான்.

பில் பாக்கிக்கும் ஒரு ஷீட். நீங்கள் உத்யமில் (சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிந்த குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், உங்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் (எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்) பணம் தராத கஸ்டமர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரியில் கழிக்க முடியும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இது. பில்லில் உத்யம் எண் போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

படி 5: இப்போது ஏஐ

சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி ஒன்றை ஆபீஸில் ஒருவருக்குக் கொடுங்கள். கஸ்டமருக்கு ஆங்கில மெயில், 8டி ரிப்போர்ட்டுக்கு (பழுதுக்கான காரணத்தையும் தீர்வையும் கஸ்டமருக்கு எழுதிக் கொடுப்பது) முதல் வரைவு, வேலை முறையைத் தமிழிலிருந்து இந்திக்கு மாற்றுவது, எக்செல் ஃபார்முலா எழுதுவது, அலாரம் எண்ணுக்கு மேனுவலில் எந்தப் பக்கம் என்று தேடுவது, இதெல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும். மெஷின் நிறுத்த ஷீட்டைக் கொடுத்து எந்த மெஷினில், எந்த ஷிஃப்ட்டில், எந்தக் காரணம் அதிகம் என்றும் கேட்கலாம். வந்த பதிலை ஷீட்டில் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுங்கள், தப்பான எண்ணையும் அது தயங்காமல் சொல்லும்.

கொட்டேஷனில் கவனம். கஸ்டமர் டிராயிங்கை இலவசக் கணக்கில் ஏற்றாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், எடுத்துப் படியுங்கள். டிராயிங்கில் 0.02 என்று இருக்கும் டாலரன்ஸை (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) அது 0.2 என்று படித்துவிட்டால், டர்னிங்கோடு முடியும் வேலைக்கான விலைக்கு நீங்கள் கிரைண்டிங் செய்துகொண்டிருப்பீர்கள். உண்மைச் செலவு தெரிந்த பத்துப் பழைய ஜாப்பின் விவரங்களை டிராயிங் இல்லாமல் கொடுத்து, அது போடும் சைக்கிள் டைமும் விலையும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேமரா வைத்து ஜாப்பை ஏஐ சோதிப்பது கடைசி. எண்ணெய் படிந்த, பளபளக்கும் உலோகத்தில் கீறலையும் வெளிச்சப் பிரதிபலிப்பையும் பிரித்துக் காட்ட நல்ல விளக்கு, நிலையான ஃபிக்சர் (ஜாப்பை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் அமைப்பு), பழுதான ஜாப்பின் நிறையப் படங்கள் எல்லாம் வேண்டும். ஒரு அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் கோ–நோகோ கேஜ் (அளவு சரியா தப்பா என்று மட்டும் காட்டும் கருவி) போதும், கரண்ட் கூட வேண்டாம்.

இடையில் செய்துவிட வேண்டியது: பேக்கப்

டேலி டேட்டாவின் நகலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்தால் ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் பூட்டிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அந்தக் கம்ப்யூட்டரில்தான் உங்கள் பேங்க் வேலையும் நடக்கிறது. மெஷின் புரோகிராம்களோடு பாராமீட்டர்களையும் (மெஷினின் அமைப்பு எண்கள்) நகல் எடுங்கள். பல கன்ட்ரோலர்களில் அது ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நிற்கிறது, பேட்டரி போனால் மெஷின் வெறும் இரும்பு, சர்வீஸ் ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

விற்பனையாளர் வந்தால்

உங்களுடைய பழுதான ஜாப்பை, உங்களுடைய மெஷினை வைத்து டெமோ காட்டச் சொல்லுங்கள், அவர் லேப்டாப்பில் இருக்கும் வீடியோ வேண்டாம். நெட் போனால் என்ன ஆகும், இரண்டாம் வருடம் என்ன கட்டணம், நாளைக்கு வேண்டாம் என்றால் என் டேட்டாவை எக்செல்லில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். நேராகப் பதில் சொன்னால், ஒரே ஒரு மெஷினில், படி 1-இல் எழுதிய அந்த ஒரு பிரச்சினைக்கு மட்டும், மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள்.