அரிவாள் செல் சோதனைக்குப் போகும்போது

கூடலூர் பக்கம் எங்கள் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் என் தம்பி மகனுக்குக் கை கால் வலி வந்தபோது, வாதம் என்றே இரண்டு வருடம் மருந்து கொடுத்தார்கள். அது அரிவாள் செல் நோய்; ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். அதனால்தான் சொல்கிறேன், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆதார் அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "அரிவாள் செல் சோதனை வேண்டும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 2023இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை இலவசம். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தவறாக வரலாம்.

முதல் சோதனையில் 'பாசிட்டிவ்' என்றால் பயந்துவிட வேண்டாம். நோயா, கடத்துபவர் மட்டுமா (தனக்கு நோயில்லாமல் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடியவரா) என்று அது பிரித்துக் காட்டாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. சோதனைதான் காட்டும். அந்த முடிவைக் கையில் வாங்காமல் விடாதீர்கள், இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருந்தாலும் சரி. நான் கடத்துபவள்; எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் கணவரும் கடத்துபவர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அதனால் கல்யாணப் பேச்சுக்கு முன்பே இரு வீட்டாரும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நோய் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.